முதல் ஸ்கேன் தாள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிர் இணைப்பில், பிரசவ தேதி தாண்டியும் வலி வராத பெண்களுக்கு 9 இயற்கை வழிகள் என்று ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. படம் அழகு, எழுத்தும் எளிமை. நான்காவது வழி விளக்கெண்ணெய். அந்த வரிக்கு வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

நான் 31 வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மருத்துவம் படித்ததில்லை. ஆனால் உங்கள் நான்காவது வழியை என் மகளுக்கு என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தவள். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு என்னிடம் இருக்கும் தகுதி அது ஒன்றுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்கு முதல் பிரசவம். சமையலறை நாட்காட்டியில் பிரசவ தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டது நான். அந்த நாள் வந்தது, போனது. மறுநாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அடுத்தது ஆளுக்கொரு யோசனை. மாடிப்படி ஏறச் சொன்னவர் ஒருவர், அன்னாசி தின்னச் சொன்னவர் ஒருவர், குனிந்து தரை துடைக்கச் சொன்னவர் ஒருவர். வட்டம் போட்ட நாளிலிருந்து எட்டாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு, பழச்சாற்றில் விளக்கெண்ணெய் கலந்து கொடுத்தேன். "வேண்டாம்மா, குமட்டுது" என்றாள். "கண்ணை மூடிக்கிட்டுக் குடி, நாளைக்குக் குழந்தை கையில இருக்கும்" என்றேன்.

பத்து மணிக்கு வயிறு போக ஆரம்பித்தது. நள்ளிரவுக்குள் எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. ஒரு மணிக்கு வயிறு இறுகி இறுகி விட்டது, நான்கு நிமிடத்துக்கு ஒரு தரம். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, பலித்துவிட்டது என்று. அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிஸ்டர் பரிசோதித்துவிட்டு, கர்ப்பவாய் திறக்கவே இல்லை என்றார். நாக்கு வறண்டிருந்தது, நாடி வேகமாக ஓடியது, குழந்தையின் இதயத்துடிப்பும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. டிரிப்ஸ் ஏற்றினார்கள். விடிந்ததும் வலி நின்றுவிட்டது. மிஞ்சியது களைப்பு மட்டும்.

காலையில் வந்த மருத்துவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோப்பைப் புரட்டி, அடியிலிருந்து ஒரு மெல்லிய தாளை உருவி என் முன்னால் வைத்தார். எட்டாவது வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேன். "டீச்சர்னு சொன்னீங்க இல்லையா? இதை வச்சு நீங்களே ஒரு தடவை கணக்குப் போடுங்க" என்றார்.

போட்டேன். மானம் போயிற்று.

பிரசவ தேதி எப்படி வருகிறது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. எனக்கும் அதுவரை தெரியாது. கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாள் எண்ணுகிறார்கள். தலைகீழாகச் சொன்னால், அந்த நாளிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய் ஏழு நாள் கூட்டினால் அடுத்த வருடத் தேதி கிடைத்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த நேகலே என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் வழங்கும் சூத்திரம் இது. கணக்கு சுலபம்தான். ஆனால் அதற்குள் ஒரு எடுகோள் ஒளிந்திருக்கிறது. மாதவிலக்குச் சுழற்சி சரியாக 28 நாள், கருமுட்டை வெளிவருவது 14ஆம் நாள் என்று அது வைத்துக்கொள்கிறது. என் மகளுக்குச் சுழற்சி 34, 35 நாள். அவளுக்குக் கரு தங்கியதே கிட்டத்தட்ட ஒரு வாரம் தள்ளித்தான். முதல் ஸ்கேன் அதை அப்படியே காட்டியிருந்தது: கரு 6 நாள் சிறியது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், வயதைக் கணிக்க அந்த ஸ்கேன்தான் நம்பகமானது. மாதம் ஏற ஏற அந்தத் துல்லியம் குறைந்துவிடும். அதனால்தான் மருத்துவர் அன்றே தேதியை 6 நாள் தள்ளி எழுதியிருந்தார். வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாட்காட்டியில் பழைய வட்டம் அப்படியே இருந்தது.

ஆக, எட்டு நாள் தாண்டிவிட்டது என்று நான் எண்ணெய் ஊற்றிய அன்று உண்மையில் 40 வாரமும் 2 நாளும்தான் ஆகியிருந்தது. மருத்துவக் கணக்கில் அதற்குத் தாமதம் என்றே பெயர் கிடையாது. 39 வாரத்திலிருந்து 40 வாரம் 6 நாள் வரை முழுமாதம், 41ஆம் வாரத்தில் தாமதம், 42 வாரம் முடிந்தால்தான் காலம் கடந்தது என்று பிரிக்கிறார்கள். குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தை 20ல் ஒன்று இருந்தால் அதிகம். இத்தனை வருடம் பிள்ளைகளிடம் "தோராய மதிப்பு வேறு, சரியான மதிப்பு வேறு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது மகப்பேறு மருத்துவராக இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டு, இதைப் பற்றியெல்லாம் ஆராய்ச்சி ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கட்டு அனுப்பிவிட்டாள். புரியாத இடங்களை அவளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். எண்களை மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் எனக்குத் தெளிவானது, வலி எப்படித் தொடங்குகிறது என்பது. பூட்டைத் திறப்பது போல வெளியிலிருந்து திறந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். 1960களில் நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ் ஆடுகளில் செய்த ஆய்வு வேறு மாதிரி காட்டியது. பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாய் ஆடு அல்ல, வயிற்றிலிருக்கும் குட்டி. அதன் உடலில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன்தான் மணியடிக்கிறது. மனிதர்களில் இது இன்னும் சிக்கலானது என்கிறார்கள். குழந்தை, நஞ்சுக்கொடி, கருப்பை எல்லாம் சேர்ந்து எடுக்கும் முடிவு போல. ஆனால் ஒன்று நிச்சயம். வலிக்கு முன்னால் கர்ப்பவாய் பழுக்க வேண்டும்: கெட்டியாக, நீளமாக, மூடியிருப்பது மிருதுவாகி, குறுகி, திறக்கத் தொடங்க வேண்டும். 1964ல் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு குறுகியிருக்கிறது, எவ்வளவு மிருது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து கேள்வி. மொத்தம் 13 மதிப்பெண். எட்டும் அதற்கு மேலும் என்றால் பழுத்துவிட்டது. அன்றிரவு என் மகளுக்கு 3. மூன்று மதிப்பெண் எடுத்த பிள்ளையை மேல்வகுப்புப் பரீட்சைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இப்போது விளக்கெண்ணெய்க்கு வருகிறேன். அதில் ஒன்றும் இல்லை, வெறும் மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். அதில் விஷயம் இருக்கிறது, அதுதான் தொந்தரவே. குடலில் அது உடைந்து ரிசினோலிக் அமிலம் வருகிறது. வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் போய் ஒட்டும் இடங்களில் ஒன்றில் இந்த அமிலமும் ஒட்டிக்கொள்கிறது என்று 2012ல் எலிகளில் கண்டுபிடித்தார்கள். குடலை முறுக்குவதும் கருப்பையை முறுக்குவதும் அதே இடம்தான். ஆக, குடிப்பது மருந்து. அளவு தெரியாத, கொடுத்த பிறகு நிறுத்த முடியாத மருந்து. பெண்களிடம் செய்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பில் இருந்தது வெறும் 3 ஆய்வு, 233 பெண்கள். பலன் உண்டு என்று நிறுவ அது போதவில்லை. குடித்த அத்தனை பேருக்கும் குமட்டல் மட்டும் தவறாமல் வந்திருக்கிறது. முன்பு சிசேரியன் ஆன பெண் இதைக் குடித்து, பழைய தையல் இருக்கும் இடத்தில் கருப்பை கட்டுமீறி இறுகினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உங்கள் கட்டுரையில் அந்த எச்சரிக்கை கூட இல்லை.

இயற்கை என்ற சொல்லோடு எனக்கு இப்போது கொஞ்சம் சண்டை. வலி வரவைக்க ஆஸ்பத்திரியில் டிரிப்ஸில் ஏற்றும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை எல்லோரும் செயற்கை என்று ஒதுக்குகிறார்கள். அதன் அமைப்பு நம் மூளை சுரக்கிற ஆக்ஸிடோசினேதான், ஒன்பது அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி. 1953ல் வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க வேதியியலாளர் அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார், இரண்டு வருடத்தில் நோபல் பரிசும் வாங்கினார். உடலில் அது விட்டு விட்டுச் சுரக்கும், டிரிப்ஸில் சீராகச் சொட்டும். அந்த வித்தியாசம் உண்டு, டிரிப்ஸ் வலி பொறுக்க முடியாததாக இருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அதை ஒரு சக்கரத்தைத் திருகி நிறுத்திவிடலாம். பக்கத்தில் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றுகிறார்கள். என் டம்ளருக்குச் சக்கரம் இல்லை.

சரி, மற்ற வழிகள். பேரீச்சம்பழத்தை நீங்கள் முதலில் போட்டது நியாயம்தான். 2011ல் வெளியான ஜோர்டான் ஆய்வில், பிரசவ தேதிக்கு முந்தைய நான்கு வாரமும் தினம் ஆறு பழம் தின்ற 69 பெண்களையும், தின்னாத 45 பேரையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். தின்றவர்களில் 96 சதவீதம் பேருக்கு வலி தானாக வந்தது. மற்றவர்களில் 79 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கர்ப்பவாய் திறந்திருந்த அளவும் அவர்களுக்குச் சராசரியாக ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல். நல்ல எண்கள். ஆனால் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல. தினம் ஆறு பழம் தின்னும் பெண் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருந்திருக்கலாம். அதைவிட முக்கியம், அவர்கள் தின்றது தேதிக்கு முன்னால் நான்கு வாரம். உங்கள் கட்டுரையோ தேதி தாண்டியவர்களுக்கு. தேதி தாண்டிய பிறகு ஒரு பெட்டிப் பழத்தை ஒரே மூச்சில் தின்றால் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

அன்னாசி? வயிற்றுக்குள் போனதும் அதிலுள்ள நொதி மற்ற புரதம் போலவே செரித்துப் போகும். கருப்பைக்குப் போய்ச் சேர என்ன மிஞ்சும்? பிடித்தால் தின்னலாம், அவ்வளவுதான். காரமான சாப்பாடும் அப்படியே, நெஞ்செரிச்சல்தான் லாபம்.

நடை எனக்குப் பிடித்த வழி. நடந்தால் வலி வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. தலை இறங்க உதவலாம். அதற்கு மேல், வீட்டுக்குள் உட்கார்ந்து தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை விட எதுவும் மேல். என் மகளும் நானும் சாயங்காலம் அரைமணி நேரம் மெதுவாக நடப்போம். கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு அவ்வளவு பேசியதே அப்போதுதான். ஆனால் படியேறு, குனி, துடை என்று ஒரு நிறைமாதப் பெண்ணைக் களைத்துப் போகச் செய்வது வேறு. வலி பெரும்பாலும் இரவில்தான் தொடங்கும். பகலெல்லாம் படியேறித் தேய்ந்துபோனவள் அன்றிரவு எதை வைத்துத் தாங்குவாள்? தூங்கச் சொல்லும் வழியை உங்கள் ஒன்பதில் காணோம்.

தாம்பத்தியம் பற்றி ஒரு அம்மா எழுதக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனாலும் நீங்கள் எழுதிவிட்டீர்கள். விந்துவில் புரோஸ்டாகிளாண்டின் இருக்கிறது என்பது மெய்யே. மலேசியாவில் 210 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இந்த யோசனையைச் சொல்லிப் பார்த்தார்கள். 2007ல் முடிவு வந்தது, வலி வருவதில் வித்தியாசம் இல்லை. பனிக்குடம் உடையாமல், இரத்தப்போக்கு இல்லாமல், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிராமல் இருந்தால் கெடுதலும் இல்லை. அது அவர்கள் இருவர் விஷயம். மருந்து மாதிரி நேரம் குறித்துக் கொடுக்க வேண்டாம்.

மார்புக்காம்பைத் தூண்டுவதை மட்டும் நீங்கள் ஒரு வரியில் கடந்து போனது சரியில்லை. பட்டியலில் உண்மையிலேயே வேலை செய்யக்கூடியது அது. தூண்டினால் உடல் ஆக்ஸிடோசினைச் சுரக்கும். 6 ஆய்வுகள், 719 பெண்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றில், மூன்று நாளுக்குள் வலி வந்தது செய்தவர்களில் 100க்கு 37 பேருக்கு, செய்யாதவர்களில் 100க்கு 6 பேருக்கு. ஆனால் அந்தப் பலன் கர்ப்பவாய் ஏற்கெனவே பழுத்திருந்தவர்களுக்கு மட்டும்தான். சிக்கலான கர்ப்பம் உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வில் குழந்தை இறப்புகள் கவலை தந்ததால், அவர்களுக்கு இது பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். இடைவெளியே இல்லாமல் கருப்பை இறுகினால் குழந்தைக்கு இரத்தம் குறையும். இரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, பழைய சிசேரியன் என்று ஏதாவது இருந்தால் வீட்டில் தனியாகச் செய்து பார்க்கிற காரியம் அல்ல.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் உண்டு. மருத்துவரோ மருத்துவச்சியோ உள்பரிசோதனையின்போது விரலால் பனிக்குடச் சவ்வைக் கருப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மெல்லப் பிரித்துவிடுவார்கள். மருந்து கிடையாது, உடலே புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கும். இதைவிட இயற்கை என்ன வேண்டும்? எட்டுப் பெண்களுக்குச் செய்தால் ஒருவருக்கு மருந்து வைத்து வலி வரவைக்கும் தேவை இல்லாமல் போகிறது என்று 2005 தொகுப்பு ஒன்று கணக்குச் சொல்கிறது. எட்டில் ஒன்று பெரிய எண் அல்ல, ஆனால் நேர்மையான எண். கொஞ்சம் வலிக்கும், லேசாக இரத்தம் படும், ஒருநாள் பொய்வலி அலைக்கழிக்கலாம். என் மகளிடம் கேட்டுவிட்டு, அவள் சரி என்ற பிறகுதான் செய்தார்கள், 40 வாரம் 5 நாளில். "எண்ணெய்க்கு இது ஆயிரம் மடங்கு தேவலை" என்றாள் என்னைப் பார்க்காமல்.

அதற்கும் வலி வரவில்லை.

இனி நான் எழுதப் போவதற்காகத்தான் இவ்வளவும். 41 வாரம் முடிந்த அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "குழந்தை இன்னைக்கு அவ்வளவா அசையலம்மா" என்றாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே, "பிரசவம் நெருங்கினா குழந்தை அடங்கிடும், இறங்கறதுக்கு இடம் பார்க்குது" என்றேன். எனக்கு யாரோ சொன்னது, அவருக்கு யாரோ சொன்னது. அவள் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அந்தப் பிடிவாதத்தை இன்று வரை மெச்சிக்கொள்கிறேன்.

அன்றைக்கும் அதே சிஸ்டர். "யார் சொன்னா அடங்கும்னு? கடைசி நாள் வரைக்கும், வலி வந்த பிறகும்கூட குழந்தை அசையும்மா" என்றார். எத்தனை அசைவு குறைந்தால் வர வேண்டும் என்று கேட்டேன், எனக்கு எண் வேண்டுமே. "எண்ணிக்கை இல்ல. அவ குழந்தை வழக்கமா எப்படி அசையும்னு அவளுக்குத் தெரியும். அது மாறினா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, நேரா வந்துடணும்" என்றார். துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள், நன்றாக இருந்தது. ஸ்கேனில் பனிக்குட நீர் குறைந்திருந்தது. மறுநாள் காலை, மருந்தில்லாமல் கர்ப்பவாயில் சின்ன பலூன் வைத்துத் திறக்கும் முறையைத் தொடங்கினார்கள். பிறகு டிரிப்ஸ். 41 வாரம் 2 நாளில் பேத்தி பிறந்தாள், 3.1 கிலோ. பனிக்குட நீர் லேசான பச்சை நிறம், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தது. நாள் தள்ளிப் போகிற குழந்தைகளிடம் இது அதிகம் காணப்படுவதுதான் என்றார்கள். பிறந்ததும் நன்றாக அழுதாள், வேறு தொந்தரவு இல்லை.

ஏன் 41 வாரம் என்று ஒரு கோடு போடுகிறார்கள்? 2019ல் ஏறக்குறைய 1.5 கோடி கர்ப்பங்களின் தகவலைத் திரட்டிப் பார்த்தார்கள். 40 வாரத்திலிருந்து 41க்குப் போகும்போது, 1449 பெண்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் குழந்தை வயிற்றிலேயே இறப்பது கூடுகிறது. சிறிய எண். பதறத் தேவையில்லை, ஒதுக்கிவிடவும் முடியாது. அதே வருடம் வந்த ஸ்வீடன் ஆய்வில், 41 வாரத்தில் வலி வரவைப்பதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டார்கள். 2760 பெண்கள் சேர்ந்திருந்தபோது காத்திருந்த பக்கம் 6 குழந்தைகள் இறந்திருந்தன, மற்ற பக்கம் ஒன்றுகூட இல்லை. பாதியிலேயே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும், தேதி உறுதியாகத் தெரிந்தால் 41 வாரம் முடிந்ததும் வலி வரவைக்கலாம் என்றே பரிந்துரைக்கிறது. அப்படிச் செய்தால் சிசேரியனில்தான் முடியும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. 2020ல் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிசேரியன் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது.

என் மகளுக்குக் கொஞ்ச நாள் மனக்குறை இருந்தது, தன் உடம்புக்குத் தானாக வலி எடுக்கத் தெரியவில்லை என்று. ஒன்பது வழிகள் என்று பட்டியல் போடும்போது அதன் மறுபக்கமும் இருக்கிறது, ஆசிரியர் அவர்களே. ஒன்பதையும் செய்து பார்த்து ஒன்றும் பலிக்காத பெண், தான் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறாள்.

நீங்கள் மறுபடி இதைப் பற்றி எழுதுவீர்கள், எழுதத்தான் வேண்டும். அப்போது பக்கத்தின் உச்சியில், படத்துக்கும் மேலே, சில வரிகள் போடுங்கள். அசைவு வழக்கத்திலிருந்து மாறினால், நீர் உடைந்தால், அதிலும் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால், இரத்தம் பட்டால், விடாத தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால், இந்தக் கட்டுரையைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று. வலி வரவைக்கும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றும் ஒரு வரி. நான்காவது வழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தூக்கத்தைப் போட்டால் எண்ணிக்கையும் கெடாது.

நேற்று என் மகளின் தோழி கூப்பிட்டாள். அவளுக்குத் தேதி முடிந்து மூன்று நாள். உங்கள் பக்கத்தைப் படித்திருக்கிறாள். "ஆன்ட்டி, விளக்கெண்ணெய் எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டாள். குழந்தை நன்றாக அசைகிறதா என்று கேட்டேன், உதைக்கிறது என்றாள். முதல் ஸ்கேன் தாள் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். "எங்கேயோ இருக்கும், தேடிட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கணக்கு ஆசிரியை